தேயிலையின் துவர்ப்பும் கல்வராயன் மலைக் கடுக்காயும்



கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்துக் கடையிலிருந்து வெள்ளிமலைச் சந்தைக் கடை வரை தேநீர் விற்காத இடம் இல்லை. கேழ்வரகுக் கூழும் சாமைச் சோறும் உண்ட மலை ஊர்களில்கூட இன்று பொழுது தேநீரில்தான் விடிகிறது. இந்தத் தேநீரைப் பற்றி அண்மைக் காலத்தில் இரண்டு செய்திகள் பரவியுள்ளன. தேயிலையில் ஆக்ஸிகரண எதிர்ப்புப் பொருள்கள் மிகுந்துள்ளன என்பது ஒன்று. அது நோய்க் கிருமிகளைக் கொல்லும் என்பது மற்றொன்று. விலை உயர்ந்த பச்சைத் தேயிலைப் பொட்டலங்களின் மேலும் இவ்வாறே அச்சிட்டு விற்கிறார்கள். இவற்றைப் படித்துவிட்டு, "நம் மலையிலும் தேயிலை பயிரிட்டால் என்ன?" என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். இந்தச் செய்திகளில் எது எந்த அளவுக்கு உண்மை, இரகத்துக்கு இரகம் வேறுபாடு உண்டா, நம் வீட்டுக்கும் நிலத்துக்கும் இதனால் என்ன என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

துவர்ப்பு எங்கிருந்து வருகிறது?

தேயிலைக் கொழுந்தை வாயிலிட்டு மென்றால் நாக்கு இழுத்துக்கொள்ளும் அளவுக்குத் துவர்க்கும். இதற்குக் காரணம் பாலிபீனால் என்ற பொருள்கள். நன்கு உலர்ந்த கொழுந்தின் எடையில் நூற்றுக்கு 20 முதல் 35 பங்கு வரை இப்பொருள்களே உள்ளன. இவற்றில் பெரும்பகுதி கேட்டச்சின் என்ற வகையைச் சேர்ந்தது. கேட்டச்சின்களில் முக்கியமானவை நான்கு. அவற்றுள் மிகுதியாக இருப்பதும் ஆய்வாளர்கள் மிகுதியாக ஆராய்ந்ததும் எபிகேலோகேட்டச்சின் கேலேட் என்பதாகும். பெயர் நீளமாக இருப்பதால் அஞ்ச வேண்டாம். துவர்ப்பின் தலைவன் என்று நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

செடி இப்பொருள்களை நமக்காகச் செய்யவில்லை. பூச்சியும் பூசணமும் இளந்தளிரைத் தின்றுவிடாமல் காக்கவும், கடும் வெயிலின் தாக்குதலைத் தாங்கவும் தனக்காகச் செய்து வைத்துக்கொள்கிறது. ஆகவேதான் மொட்டிலும் முதல் இலையிலும் துவர்ப்பு மிகுந்தும், மூன்றாவது நான்காவது இலைகளில் குறைந்தும், தண்டில் மிகக் குறைந்தும் காணப்படுகிறது. "இரண்டு இலையும் ஒரு மொட்டும்" என்று தோட்டங்களில் கொழுந்து கிள்ளுவதன் பொருள் இதுவே.

கத்தரிக்காயையோ வாழைக்காயையோ அரிந்து தண்ணீரில் போடாமல் வைத்தால் சிறிது நேரத்தில் கறுத்துவிடுவதை உங்கள் வீட்டுப் பெண்கள் நன்கு அறிவார்கள். காயிலுள்ள பாலிபீனால், காற்றிலுள்ள பிராணவாயுவுடன் ஒரு நொதியின் துணையால் சேர்வதே இந்தக் கறுப்பு. சாதாரணத் தேயிலைத் தூள் தயாரிப்பதும் இதே செயல்தான். கொழுந்தை வாட்டி, நசுக்கி, காற்றுப்படப் பரப்புகிறார்கள். பச்சை இலை செம்பு நிறமாக மாறி, பின் உலர்த்தியதும் கறுக்கிறது. அப்போது கேட்டச்சின்களில் பெரும்பகுதி ஒன்றோடொன்று இணைந்து தியாஃபிளேவின், தியாருபிஜின் என்ற புதிய பொருள்களாகின்றன. தேநீரின் செம்பொன் நிறத்தை முதலாவதும், கருஞ்சிவப்பை இரண்டாவதும் தருகின்றன. பச்சைத் தேயிலை தயாரிக்கும்போது கொழுந்தைக் கிள்ளியவுடன் ஆவியிலோ சூடான சட்டியிலோ இட்டு நொதியை அழித்துவிடுகிறார்கள். எனவே கேட்டச்சின் அப்படியே தங்கிவிடுகிறது. செடி ஒன்றே, செய்முறைதான் வேறு. பச்சைத் தேயிலைக்கென்று தனிச் செடி இருப்பதாகச் சொல்லி நாற்று விற்க வருபவர் உங்களை ஏமாற்றுகிறார்.

இரகங்களும் அவற்றின் வேறுபாடும்

தேயிலையின் தாவரப் பெயர் கேமெல்லியா சைனென்சிஸ். இதில் சிறிய இலையுடைய சீன வகை, பெரிய இலையுடைய அஸ்ஸாம் வகை, இரண்டுக்கும் இடைப்பட்ட கம்போடிய வகை என மூன்று பிரிவுகள் உண்டு. பொதுவாக அஸ்ஸாம் வகையில் பாலிபீனால் மிகுதி. சீன வகையில் சற்றுக் குறைவு, ஆனால் அது குளிரைத் தாங்கும். தேயிலை அயல் மகரந்தச் சேர்க்கையால் காய்ப்பது. ஆகவே ஒரே மரத்தின் விதையிலிருந்து எழும் 100 நாற்றுகளும் 100 விதமாக இருக்கும். இந்தக் குறையைப் போக்க, சிறந்த தாய்ச்செடியைத் தேர்ந்து, ஒரு கணுவும் ஓர் இலையும் கொண்ட தண்டுத் துண்டுகளை வேர்பிடிக்கச் செய்து பெருக்குகிறார்கள். இவ்வாறு பெறுபவை ஒட்டுமொத்தமாக ஒரே குணமுடையவை.

நம் மாநிலத்தில் இப்பணியைச் செய்து வருவது தென்னிந்தியத் தோட்ட அதிபர்கள் சங்கமான உபாசியின் தேயிலை ஆராய்ச்சி நிலையம். இது வால்பாறையில் உள்ளது. இங்கு வெளியிடப்பட்டவற்றில் 'சுந்தரம்' என்னும் உபாசி 3 நல்ல மகசூல் தருவது; 'ஆத்ரேயா' என்னும் உபாசி 9 வறட்சியைத் தாங்குவது. இலங்கையில் தலவாக்கலையிலுள்ள தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் டி.ஆர்.ஐ. 2025 என்ற தேர்வும் நம் மலைகளுக்கு வந்து சேர்ந்துள்ளது. ஆப்பிரிக்காவில் கென்யா நாட்டு ஆராய்ச்சியாளர்கள் 2011-இல் டி.ஆர்.எஃப்.கே. 306 என்ற ஊதாநிறத் தேயிலையை வெளியிட்டனர். நாவல் பழத்துக்கும் ஊதாக் கத்தரிக்கும் நிறம் தரும் ஆந்தோசயனின் இதன் கொழுந்தில் உள்ளது. கேட்டச்சினோடு இதுவும் சேர்வதால் ஆக்ஸிகரண எதிர்ப்பில் இதற்குத் தனிச் சிறப்புக் கூறுகிறார்கள்.

எனினும் இரகம் மட்டுமே அனைத்தையும் தீர்மானிப்பதில்லை. இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஒரே செடியில் வெயில் காலக் கொழுந்துக்கும் மழைக் காலக் கொழுந்துக்கும் வேறுபாடு உண்டு. நிழலில் வளர்த்தால் கேட்டச்சின் குறைந்து, தியானின் என்ற இனிய சுவைப்பொருள் கூடுகிறது. ஜப்பானியர்கள் கொழுந்து கிள்ளுவதற்குச் சில வாரங்களுக்கு முன் தோட்டத்துக்குப் பந்தலிட்டு மறைப்பது இதற்காகத்தான். நல்ல இரகத்தில் முற்றிய இலையைக் கிள்ளினால், சுமாரான இரகத்தின் இளங்கொழுந்துக்கு அது ஈடாகாது. நெல்லில் இரகம் நன்றாக இருந்தும் களையெடுக்காமல் விட்டவர் வயலைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? அதைப் போன்றதே இதுவும்.

எப்படி அளக்கிறார்கள்?

ஆக்ஸிகரணம் என்றால் என்ன என்பதை எண்ணெயைக் கொண்டு விளங்கிக்கொள்ளலாம். திறந்து வைத்த எண்ணெய் நாள்பட்டால் சிக்கு வாடை அடிக்கிறது. காற்றிலுள்ள பிராணவாயு எண்ணெயைத் தாக்குவதே காரணம். ஆனால் நல்லெண்ணெய் மட்டும் நெடுநாள் கெடாமல் இருக்கிறது. எள்ளில் இயற்கையாக உள்ள சீசமால் போன்ற பொருள்கள் அந்தத் தாக்குதலைத் தாமே ஏற்றுக்கொண்டு எண்ணெயைக் காக்கின்றன. ஆக்ஸிகரண எதிர்ப்புப் பொருள் என்பது இதுதான். நம் உடலிலும் உணவு எரிந்து சக்தியாகும்போது இத்தகைய தாக்குதல் செய்யும் அணுக்கூட்டங்கள் தோன்றுகின்றன. அவற்றை அடக்க உடலிலேயே ஏற்பாடு உண்டு. கீரையும் கனியும் தேநீரும் துணை செய்யும் என்பது கருத்து.

ஆய்வுக்கூடத்தில் டி.பி.பி.எச். என்ற ஊதாநிறக் கரைசலை எடுத்துக்கொள்கிறார்கள். தேயிலைச் சாறு சில சொட்டுகள் விட்டதும் அது வெளுத்து மஞ்சளாகிறது. எவ்வளவு குறைந்த சாற்றில் எவ்வளவு வெளுக்கிறது என்று கருவியால் அளந்து, இரகங்களை வரிசைப்படுத்துகிறார்கள். கிருமிச் சோதனையில், கண்ணாடித் தட்டில் கூழ்மம் ஊற்றி அதன்மேல் கிருமியை வளர்த்து, சாற்றில் நனைத்த சிறு தாள் வில்லையை நடுவில் வைக்கிறார்கள். மறுநாள் வில்லையைச் சுற்றிக் கிருமி வளராத வட்டம் தெரியும். வட்டம் பெரிதானால் சாறு வலியது.

இத்தகைய முடிவுகளைப் படிக்கும்போது ஒன்றை அவசியம் கேளுங்கள்: சாற்றை எதில் எடுத்தார்கள்? பல சோதனைகளில் மெத்தனாலிலோ எத்தனாலிலோ எடுக்கிறார்கள். அவை தண்ணீரைவிட மிகுதியாகப் பாலிபீனாலை இறக்கும். நீங்கள் குடிப்பதோ வெந்நீரில் இறங்கியது. மேலும் சோதனைக் குழாயில் நடப்பது குடலிலும் அப்படியே நடக்கும் என்பதற்கு உறுதி இல்லை. இந்த இரண்டையும் சொல்லாமல் வட்டத்தின் அளவை மட்டும் விளம்பரத்தில் போடுபவர் பாதி உண்மையைத்தான் சொல்கிறார்.

கிருமிகளை உண்மையில் கொல்லுமா?

இக்கேள்வி புதிதன்று. 1906-ஆம் ஆண்டிலேயே பிரிட்டிஷ் இராணுவ மருத்துவப் பிரிவைச் சேர்ந்த மேஜர் மெக்நாட் என்பவர், காய்ச்சிய தேநீர் டைபாய்டு கிருமியையும் பிரூசெல்லா கிருமியையும் கொல்வதாகக் கண்டார். போர்வீரர்களின் தண்ணீர்க் குடுவைகளில் தேநீர் ஊற்றி வைத்தால் டைபாய்டைத் தடுக்கலாம் என்று அவர் கருதினார். பின்னர் நெடுங்காலம் இது பேசப்படவில்லை. 1980-களின் இறுதியில் ஜப்பானில் ஷிமாமுரா குழுவினர் மீண்டும் ஆராய்ந்து, சீழ்ப்பிடிக்கச் செய்யும் ஸ்டெஃபைலோகாக்கஸ், வாந்திபேதிக் கிருமியான விப்ரியோ காலரே ஆகியவற்றைத் தேநீர் தடுப்பதை வெளியிட்டனர். பல மருந்துகளுக்கு அடங்காத ஸ்டெஃபைலோகாக்கஸ் வகையையும் கேட்டச்சின் ஓரளவு அடக்குவது கண்டறியப்பட்டுள்ளது. கேட்டச்சின் கிருமியின் மேலுறையில் ஒட்டிக்கொண்டு அதைச் சிதைக்கிறது. கிராம் சாயத்தை ஏற்கும் கிருமிகள் எளிதில் பாதிக்கப்படுகின்றன. கூடுதலாக ஒரு புறச்சுவர் உடைய மற்றப் பிரிவுக் கிருமிகள் பொதுவாகத் தாக்குப்பிடிக்கின்றன.

இப்போது ஒரு சிறு கணக்குப் பார்ப்போம். கிருமியைத் தடுக்க ஒரு மில்லி லிட்டரில் சில நூறு மைக்ரோகிராம் கேட்டச்சின் தேவைப்படுகிறது. 200 மில்லி பச்சைத் தேநீரில் 100 முதல் 200 மில்லிகிராம் கேட்டச்சின் இருந்தால், ஒரு மில்லிக்கு 500 முதல் 1,000 மைக்ரோகிராம் ஆகிறது. குவளையிலும் வாயிலும் இந்த அளவு போதுமானது. ஆனால் குடித்த பின் இரத்தத்தில் சேர்வது ஒரு மில்லிக்கு ஒரு மைக்ரோகிராமுக்கும் குறைவே. எனவே பல்லைச் சொத்தையாக்கும் கிருமிகளிடத்தில் தேநீர் ஓரளவு வேலை செய்யும் - சர்க்கரை போடாமல் குடித்தால். காய்ச்சலையும் உள்நோயையும் தேநீர் தீர்க்கும் என்று நம்புவதற்கு இடமில்லை.

டைபாய்டைத் தடுத்ததில் தேயிலைக்கு எவ்வளவு பங்கு, தண்ணீரைக் கொதிக்க வைத்ததற்கு எவ்வளவு பங்கு என்பதையும் எண்ணிப் பாருங்கள். மலை ஊற்றிலும் கிணற்றிலும் எடுத்த தண்ணீர் கொதித்த பிறகே தேநீராகிறது. என் கருத்தில் கொதிக்க வைத்தலுக்கே முதலிடம். குழந்தைக்குப் பேதி கண்டால் பால் விடாத டீயைப் புகட்டிப் பார்த்துக் காலம் கடத்தாதீர்கள். உப்பு சர்க்கரைக் கரைசலைக் கொடுத்து, உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கொண்டு செல்லுங்கள்.

பச்சைத் தேயிலைச் சத்தை மாத்திரையாக்கி விற்பதும் உண்டு. நாளொன்றுக்கு 800 மில்லிகிராமும் அதற்கு மேலும் எபிகேலோகேட்டச்சின் கேலேட் உட்கொண்டவர்களிடம் கல்லீரல் பாதிப்பின் அறிகுறிகள் தென்பட்டதாக ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் தெரிவித்தது. குவளையில் குடிக்கும்போது வராத தொல்லை, செறிவாக்கி விழுங்கும்போது வருகிறது.

விலை உயர்ந்த பச்சைத் தேயிலைதான் நன்மை தருமா என்றும் கேட்கலாம். சாதாரணத் தூளிலுள்ள தியாஃபிளேவின்களும் ஆக்ஸிகரண எதிர்ப்பில் கேட்டச்சின்களுக்குக் குறைந்தவை அல்ல என்று ஆய்வுகள் காட்டுகின்றன. ஆகவே, அதற்காக நான்கு மடங்கு பணம் கொடுக்க வேண்டியதில்லை. வாங்கும் தூள் கலப்படமற்றதா என்பதைப் பார்ப்பதே முக்கியம். ஒரு கண்ணாடிக் குவளையில் குளிர்ந்த தண்ணீர் எடுத்துத் தூளைச் சிறிது தூவுங்கள். தூவியவுடன் சிவப்பாகவோ மஞ்சளாகவோ நிறம் ஒழுகினால் சாயம் ஏற்றியது. நல்ல தூள் குளிர்ந்த நீரில் மெல்லத்தான் நிறம் விடும்.

அன்னபேதியும் தேநீரும்

இக்கட்டுரையில் நீங்கள் அவசியம் நினைவில் வைக்க வேண்டிய பகுதி இது. முன்னாளில் கடுக்காயை ஊற வைத்த நீரில் அன்னபேதி சேர்த்து மை தயாரிப்பார்கள். இரண்டும் தனித்தனியே வெளிர் நிறம்; சேர்ந்தவுடன் கருமை. கடுக்காயின் துவர்ப்புப் பொருள் அன்னபேதியிலுள்ள இரும்பைப் பிடித்துக்கொள்வதே காரணம். அன்னபேதி என்பது இரும்பின் கந்தக உப்பு. இரத்தசோகைக்குக் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் சத்து மாத்திரையிலும் பெரும்பாலும் இதே உப்புத்தான் உள்ளது.

நாட்டு மருந்துக் கடையில் சிறிது அன்னபேதி வாங்கி வந்து, பால் விடாத தேநீரில் ஒரு சிட்டிகை போட்டுப் பாருங்கள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே கறுக்கும். (சோதனை முடிந்ததும் அதைக் கொட்டிவிடுங்கள், குழந்தைகள் கைக்கு எட்ட விடாதீர்கள்.) சோறு உண்டவுடனோ மாத்திரை விழுங்கும்போதோ தேநீர் குடித்தால் குடலில் நடப்பதும் இதுதான். துவர்ப்பால் கட்டுண்ட இரும்பு உடலில் சேராமல் வெளியேறிவிடுகிறது. கீரை, தானியம், பயறு ஆகியவற்றிலுள்ள இரும்புச்சத்தில் உடல் ஏற்கக்கூடியதைப் பாதிக்கும் மேலாகத் தேநீர் குறைத்துவிடுவது மனிதர்களிடம் நடத்திய சோதனைகளில் தெரிய வந்துள்ளது. பால் சேர்த்தால் இக்குறை நீங்கும் என்று நினைப்பதும் சரியன்று. பால் சேர்ப்பதால் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை.

தேயிலையின் எந்தக் குணத்தை நாம் நன்மை என்று புகழ்கிறோமோ அந்தத் துவர்ப்பே இங்குத் தீமையாகிறது. அதிகத் துவர்ப்புள்ள உயர்ந்த இரகம் இரும்பையும் அதிகமாகவே கட்டும். காலையில் டீயும் பன்னும் உண்டு காட்டுக்குப் போய், பகலில் சோற்றோடு மீண்டும் டீ குடிக்கும் பெண்ணுக்கு, அவள் உண்ணும் முருங்கைக் கீரையும் கேழ்வரகும் பயன் தராமல் போகின்றன. சுகாதாரச் செவிலியர் கொடுத்த மாத்திரையைத் தவறாமல் விழுங்கியும் இரத்தம் ஏறவில்லை என்று சொல்பவர்களிடம், எதைக் குடித்து விழுங்கினீர்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

தேநீரை விட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. உணவுக்கும் தேநீருக்கும் இடையே ஒரு மணி நேரமாவது விட்டால் போதும். இந்த இடைவெளியால் பாதிப்பு வெகுவாகக் குறைவதும் சோதனையில் கண்டதே. மாத்திரையைத் தண்ணீரில் மட்டும் விழுங்க வேண்டும். உணவோடு எலுமிச்சைச் சாறு சேர்த்துக்கொண்டால் அதிலுள்ள வைட்டமின் சி இரும்பை உடலில் சேர்க்கத் துணை செய்யும். சிறு குழந்தைகளுக்குத் தேநீர் கொடுக்கும் வழக்கத்தை அடியோடு நிறுத்துவது நல்லது. வாய் பொறுக்காத சூட்டில் குடிப்பதும் கூடாது. 65 டிகிரி சென்டிகிரேடுக்கு மேற்பட்ட சூட்டில் குடிக்கும் பானங்கள் உணவுக்குழாய்ப் புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு 2016-இல் அறிவித்துள்ளது.

நம் மலையில் பயிரிடலாமா?

கல்வராயன் மலையில் வடபகுதியான சின்னக் கல்வராயன் ஏறத்தாழ 2,700 அடி உயரத்திலும், தென்பகுதியான பெரிய கல்வராயன் ஏறத்தாழ 4,000 அடி உயரத்திலும் உள்ளன. உயரத்தை மட்டும் பார்த்தால் தேயிலை வரும் என்றே தோன்றும். ஆனால் தேயிலைக்கு ஆண்டில் 1,200 முதல் 1,500 மில்லி மீட்டருக்குக் குறையாத மழை வேண்டும். அதுவும் பல மாதங்களுக்குப் பரவிப் பெய்ய வேண்டும். மண்ணின் அமில கார நிலை 4.5-க்கும் 5.5-க்கும் இடையே இருக்க வேண்டும். சுண்ணாம்பு கலந்த மண் அதற்கு ஆகாது. நம் மலையிலோ தை பிறந்தால் சித்திரை வரை ஓடைகள் வற்றிவிடுகின்றன.

மழையும் மண்ணும் ஒத்து வந்தாலும் பெரிய தடை ஒன்று உண்டு. அது தொழிற்சாலை. கிள்ளிய கொழுந்தை அன்றே தொழிற்சாலையில் சேர்க்க வேண்டும். தாமதித்தால் மூட்டைக்குள்ளேயே சூடேறிக் கெட்டுவிடும். ஒரு கிலோ தூளுக்கு ஏறத்தாழ 4½ கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். நான்கைந்து ஏக்கர் விளைச்சலை நம்பி யாரும் தொழிற்சாலை கட்டமாட்டார்கள். ஹெக்டேருக்கு 10,000-க்கு மேற்பட்ட நாற்றுகளை விலைக்கு வாங்கி நட்டு, மூன்று நான்கு ஆண்டு காத்திருந்து, பின்னர் கொழுந்தை எங்கே கொண்டுபோய் விற்பது? தொழிற்சாலைகள் நிறைந்த நீலகிரியிலேயே சிறு விவசாயிகள் பச்சைத் தேயிலைக்குக் கட்டுப்படியாகும் விலை கேட்டு 2023-இல் உண்ணாவிரதம் இருந்தார்கள். கொழுந்தில் எவ்வளவு ஆக்ஸிகரண எதிர்ப்புப் பொருள் இருக்கிறது என்று பார்த்து அங்கு யாரும் கூடுதல் விலை தருவதில்லை. மரவள்ளியையும் சாமையையும் அழித்துவிட்டுத் தேயிலை நடும்படி உங்களிடம் யாராவது சொன்னால், கொழுந்தை வாங்கிக்கொள்வதாக எழுத்தில் தரும் தொழிற்சாலை எது, எத்தனை கல் தொலைவில் உள்ளது என்று முதலில் கேளுங்கள். ஆசைக்கு வீட்டுப் புறக்கடையில் நான்கு செடி வைத்துப் பார்ப்பதில் தவறில்லை.

கையிலிருக்கும் துவர்ப்பு

தேயிலையில் தேடும் பொருள் நம் மலைக் காட்டிலேயே மரத்தில் தொங்குகிறது. கடுக்காயின் சதையில் ஏறக்குறைய நூற்றுக்கு 30 பங்கு துவர்ப்புப் பொருள் உள்ளது. செபுலினிக் அமிலம், செபுலாஜிக் அமிலம், காலிக் அமிலம் ஆகியவை இதில் முக்கியமானவை. இவை தேயிலையின் கேட்டச்சினிலிருந்து வேறுபட்டவை. ஆயினும் முன்னர்க் கூறிய ஊதாக் கரைசல் சோதனையிலும் கிருமித் தட்டுச் சோதனையிலும் கடுக்காய்ச் சாறு நன்கு செயல்படுவது பல ஆய்வுக்கூடங்களில் காணப்பட்டுள்ளது. தேயிலைக்குச் சொன்ன எச்சரிக்கைகள் இதற்கும் பொருந்தும். இதுவும் இரும்பைக் கட்டும். மையின் கதையே அதற்குச் சான்று. பேதியாக்கும் குணமுடையதாகையால் கர்ப்பிணிகள் உண்ணலாகாது. ஒரு சொல்லையும் இங்கே கூற வேண்டும்: கடுக்காய்ப் பொடியைத் 'தேயிலை' என்று எழுதி விற்பது முறையன்று, கேமெல்லியா சைனென்சிஸ் இலையே தேயிலை. கடுக்காய்ப் பானம் என்றே எழுதி விற்கலாம்.

கடுக்காய் மருந்துக்கும் போகிறது. தோல் பதனிடவும் போகிறது. இரண்டுக்கும் வேண்டியது துவர்ப்பே. தேயிலையைப் போலவே கடுக்காயிலும் மரத்துக்கு மரம் வேறுபாடு உண்டு. சில மரங்களின் காய் பெரிதாகவும் சதைப்பற்று மிகுந்தும் கொட்டை சிறுத்தும் இருக்கும். ஆண்டுதோறும் சேகரிக்கச் செல்லும் உங்களுக்கு அத்தகைய மரங்கள் எவை என்பது எங்களைவிட நன்றாகத் தெரியும். அவற்றை அடையாளமிட்டு வையுங்கள். பட்டா நிலத்து வரப்பில் நாற்று வைத்து, அடையாளமிட்ட மரத்தின் குச்சியை ஒட்டுக் கட்டினால், தேயிலையில் தண்டுத் துண்டால் பெற்ற பயனை இதிலும் பெறலாம். இதற்கான பயிற்சிக்குத் தோட்டக்கலைத் துறையின் வட்டார அலுவலகத்தை அணுகுங்கள்.

2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் காட்டில் வாழும் பழங்குடியினருக்குச் சிறு வன மகசூலின் மேல் உரிமை வழங்கியுள்ளது. 2013-14 முதல் நடுவண் அரசு நடத்திவரும் குறைந்தபட்ச ஆதரவு விலைத் திட்டத்தின் பட்டியலில் கடுக்காயும் இடம் பெற்றுள்ளது. வியாபாரி வீட்டு வாசலில் சொல்லும் விலைக்குத் தலையாட்டும் முன், அந்த ஆண்டுக்குரிய ஆதரவு விலை என்ன என்று கூட்டுறவுச் சங்கத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

விலை குறைவதற்குப் பெரும்பாலும் காரணம் ஈரமும் பூசணமுமே. கிளையை உலுக்கியும் ஒடித்தும் பிஞ்சும் காயுமாக இறக்காமல், முதிர்ந்து மஞ்சளானவற்றையே சேகரிக்க வேண்டும். தரையில் விழுந்து நாள்பட்டுக் கறுத்ததையும் வண்டு துளைத்ததையும் தனியே ஒதுக்குங்கள். சாணமிட்ட களத்தில் கொட்டாமல், பாயிலோ தார்ப்பாயிலோ மெல்லிய அடுக்காகப் பரப்பி, நாள்தோறும் இருமுறை கிளறி, மாலையில் பனி படாமல் மூடி உலர்த்துங்கள். இரண்டு காய்களை ஒன்றோடொன்று தட்டினால் கணீரென்று ஓசை வர வேண்டும். மந்தமான ஓசை வந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. மேலும் இரண்டு நாள் காயட்டும். பிறகு சுத்தமான சாக்கில் கட்டி, சுவரில் சாயாமல், பலகையின் மேல் அடுக்கி வையுங்கள்.